ராஸ்மன் மடிப்பா, ஃப்ளேவோடாக்சின் மடிப்பா? வகைப்படுத்த உதவி தேவை

வணக்கம். 312 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு புரதம்; அதன் மடிப்பு (சங்கிலி மடங்கி நிற்கும் வடிவம்) தலைப்பிலுள்ள இரண்டில் எது என்று தெரியவில்லை. கையில் ஆல்பாஃபோல்ட் (அமினோ அமில வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் செயலி) தந்த மாதிரி மட்டும்தான். முழுச் சங்கிலியையும் ஒப்பிட்டால் டிஎம் ஸ்கோர் (இரு வடிவங்களின் ஒற்றுமை அளவு, அதிகபட்சம் 1) 0.41. இரண்டு டொமைன்களுக்கு (தனித்தனியே மடங்கும் பகுதிகள்) நடுவிலுள்ள இணைப்பு சற்று வளைந்தாலே ஸ்கோர் விழுந்துவிடும் என்பதால் அதை நம்பவில்லை. ஆல்பாஃபோல்ட் தரும் நம்பக மதிப்பு (100க்கு) 50க்குக் கீழுள்ள 149–162 பகுதியை வெட்டிய பின், முதல் டொமைனுக்கு ராஸ்மனோடு 0.63, ஃப்ளேவோடாக்சினோடு 0.57. இரண்டுமே ஒரே மடிப்பு என்று பொதுவாகக் கருதும் 0.5க்கு மேல்! (இரண்டும் இந்த டொமைனின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டவை.)

கேத் என்ற புரத வடிவ வகைப்பாட்டில் இரண்டும் 3.40.50 என்ற ஒரே பிரிவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஸ்காப் என்ற இன்னொரு வகைப்பாட்டில்தான் தகராறு: சி.2இல் (ராஸ்மன்) பீட்டா இழைகள் அடுத்தடுத்து அமையும் வரிசை 321456, சி.23இல் (ஃப்ளேவோடாக்சின்) 21345. இங்கே தெரிவது 32145. ஆறாவது இழை உதிர்ந்த ராஸ்மன் என்று சொல்லலாம்தான், ஆனால் முதல் இழையை அடுத்த வளைவில் ராஸ்மனுக்கு அடையாளமான, கிளைசின் நிறைந்த வரிசை இல்லை. போதாக்குறைக்கு, ஓரத்திலுள்ள மூன்றாவது இழை மூன்றே அமிலம். இழைகளைக் கண்டறியும் செயலிகளில் டிஎஸ்எஸ்பி அதை இழை என்கிறது, ஸ்ட்ரைட் இல்லை என்கிறது. அதைக் கழித்து மறுபடி எண்ணிட்டால் 2134, அதாவது கடைசி இழை இல்லாத ஃப்ளேவோடாக்சின்!

இத்தனை குட்டியான ஓர இழையை எண்ணுவதா, விடுவதா? டிஎஸ்எஸ்பி போல ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் பார்த்தால் போதுமா? சூப்பர்ஃபேமிலியை (பொது மூதாதையிலிருந்து வந்த புரதத் தொகுதி) முடிவு செய்ய எச்எம்எம் ஒப்பீடு (புள்ளியியல் மாதிரி வழி வரிசை ஒப்பீடு) தவிர வேறு எதை நம்புகிறீர்கள்?