ஒரே மொழி, ஒரே மக்கள்: கொரியா ஏன் இரண்டானது?

மொட்டைமாடி வாசகன் கேட்டது:
கொரியத் தொடர்கள் பார்த்துப் பார்த்து வந்த சந்தேகம். போரில் தோற்றது ஜப்பான். கொரியா 1910 முதல் அதனிடம் அடிமைப்பட்டுக் கிடந்த நாடு. ஜெர்மனியைப் பிரித்தார்கள், சரி, போரை ஆரம்பித்ததே அவர்கள்தான். இங்கே ஜப்பானை விட்டுவிட்டுக் கொரியாவை ஏன் வெட்டினார்கள்? முன்பே வடக்கு, தெற்கு என்று சண்டை இருந்ததா?

பழைய அட்லஸ்:
அப்படி ஒன்றும் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் ஒரே நாடு. 1945 ஆகஸ்டில் சோவியத் படை கொரியாவுக்குள் இறங்கிவிட்டது, அமெரிக்கப் படையோ பக்கத்தில்கூட இல்லை. பதறிப்போய் ஆகஸ்ட் 10 நள்ளிரவில் வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்ல்ஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகளைக் கூப்பிட்டு அரை மணி நேரத்தில் ஒரு கோடு சொல்லுங்கள் என்றார்கள். கையில் இருந்தது நேஷனல் ஜியாகிரபிக் வரைபடம். சியோல் நம் பக்கம் வரவேண்டும், அதுதான் கணக்கு. மலை, ஆறு, வயல் எதையும் பார்க்காமல் 38ஆவது அட்சரேகை. ஸ்டாலினும் ஒப்புக்கொண்டார். ஜப்பானியப் படையிடம் ஆயுதத்தை வாங்கிக்கொள்ளத் தற்காலிக ஏற்பாடாம்! கொரியர் ஒருவரையும் கேட்கவில்லை.

தேநீர் நேரம்:
கோடு போட்டது அவர்கள்தான், ஆனால் அது எல்லையாக இறுக மூன்று வருடம் பிடித்தது, அதை விட்டுவிட்டால் எப்படி? சுதந்திரப் போராட்டத் தலைவர் கிம் கூ, தனித் தேர்தல் வேண்டாம் என்று 1948 ஏப்ரலில் பியாங்யாங் வரை போய்ப் பேசிப் பார்த்தார். பலனில்லை. மே மாதம் தெற்கில் மட்டும் தேர்தல். ஆகஸ்ட் 15 தெற்கில் சிங்மன் ரீயின் அரசு, செப்டம்பர் 9 வடக்கில் கிம் இல் சுங்கின் அரசு. இருவருமே முழுக் கொரியாவும் எனக்கே என்றவர்கள். கிம் கூவை அடுத்த வருடம் சுட்டுக் கொன்றது ஒரு தென்கொரிய ராணுவ அதிகாரி. எல்லாப் பழியையும் வல்லரசுகள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

கப்பல்காரன்:
வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட 1950–53 கொரியப் போருக்குப் பிறகு, இரண்டு கொரியாவும் வேண்டாம் என்று 76 கொரியக் கைதிகள் சொல்லிவிட்டார்கள். கைதிகள் விவகாரத்தைக் கவனித்த ஆணையத்துக்குத் தலைவர் நம் ஜெனரல் திம்மையா. அவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள், அப்புறம் பலர் பிரேசில், அர்ஜென்டினா என்று போய்விட்டார்கள்.

மொட்டைமாடி வாசகன்:
இப்போதைய எல்லையும் அதே கோடுதானா?

பழைய அட்லஸ்:
இல்லை, 1953இல் சண்டை நின்ற இடம். 38க்குத் தெற்கே இருந்த கேசாங் வடக்கோடு போனது, வடக்கே இருந்த சோக்சோ தெற்குக்கு வந்தது. வடக்கே ஹாம்கியோங்கிலிருந்து தப்பி வந்தவர்கள், சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று சோக்சோ கடற்கரை மணலிலேயே குடிசை போட்டார்கள். அந்தக் குடியிருப்புக்குப் பெயர் ‘அபாய்’ கிராமம். அவர்கள் பேச்சுவழக்கில் அபாய் என்றால் பெரியவர், தாத்தா.