உதவி: ஆண் எது, பெண் எது? முட்டையெல்லாம் வெள்ளையாகிறது

கூழாங்கல்:
அவசரம். என் தொட்டியில் இருக்கும் சிக்லிட் மீன் ஜோடி நேற்று இரவு மூன்றாவது தடவையாக முட்டை போட்டது. இந்தத் தடவையும் காலையிலேயே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. பெரியது ஆண், சின்னது பெண் என்று நினைத்திருந்தேன். இப்போது சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

செவுள்:
எந்த சிக்லிட்? ஆயிரத்துக்கு மேல் இனங்கள் இருக்கின்றனவே.

மஞ்சள்வால்:
வாலுக்கு முன்னால் அடியில் இருக்கும் குதத் துடுப்பில் மஞ்சள் புள்ளி இருந்தால் ஆண். என் மலாவி ஏரி சிக்லிட் மீன்களை அப்படித்தான் பிரிக்கிறேன்.

செவுள்:
மலாவியிலேயே பல பெண்களுக்கும் அந்தப் புள்ளி உண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பழந்தொட்டி:
தம்பி, மீனின் பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்டால் யார் என்ன சொல்வது? முதலில் அடிப்படையைப் படியுங்கள். கான்விக்ட் சிக்லிட்டில் வயிற்றோரம் ஆரஞ்சு இருந்தால் பெண். கிரிபென்சிஸிலும் வயிறு நன்றாகச் சிவப்பது பெண்ணுக்குத்தான். ஒரு மீனின் அடையாளம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

கூழாங்கல்:
மன்னிக்கவும், ஏஞ்சல் மீன்.

நன்னீர்:
தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) எவ்வளவு? வெப்பம்? தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால் முட்டை சரியாகக் கருவுறாது. கோளாறு மீனில் இல்லை, தண்ணீரில்தான் என்பேன்.

மஞ்சள்வால்:
ஏஞ்சல் என்றால் நெற்றி புடைத்திருப்பது ஆண்.

செவுள்:
வயதான ஆண்களில் சிலவற்றுக்குப் புடைக்கும், அவ்வளவுதான். உருவத்தையும் நம்ப முடியாது. ஏஞ்சலில் உறுதியாகத் தெரிவது முட்டையிடும் சமயத்தில் மட்டுமே. அடிவயிற்றில் சின்னக் குழல் ஒன்று வெளியே வரும். பெண்ணுக்கு அது தடித்து முனை மழுங்கியிருக்கும், ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். கொஞ்ச நாளில் உள்ளே போய்விடும், இன்றே பாருங்கள். முட்டைகளை இலையில் ஒட்டியது எது? ஒன்றா, இரண்டுமா? ஆண் இல்லாவிட்டால் 2 பெண்கள் சேர்ந்துகொண்டு முட்டையிட்டுக் காவலும் காக்கும். பார்க்க அசல் ஜோடி மாதிரியே இருக்கும்.

ஓரலை:
எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? ஈரக் கையில் மீனைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் மலத்துளை, இனப்பெருக்கத் துளை இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் ஆண், பின்னால் இருப்பது பெரிதாக இருந்தால் பெண்.

பழந்தொட்டி:
முட்டை காக்கும் மீனை வலை போட்டுப் பிடிக்கச் சொல்கிறீர்களா? ஏஞ்சலின் நீளத் துடுப்பு கிழிந்துவிடும். மிரண்டால் முட்டையையும் தின்றுவிடும்.

ஓரலை:
வெளுத்த முட்டைதானே, தின்றால் என்ன நஷ்டம்? என் மலாவி மீன்கள் ஒன்றுகூட இப்படிப் பிடித்துச் செத்ததில்லை.

பழந்தொட்டி:
மலாவியின் உடம்பு வேறு, ஏஞ்சலின் உடம்பு வேறு. அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

செவுள்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றே குழல் தெரியும். கூழாங்கல், ஒட்டுமொத்தமாக வெளுத்துவிட்டதா? கருவுற்றவை தேன் நிறத்தில் தெளிவாகவே இருக்கும். 27, 28 டிகிரியில் 2, 3 நாளில் பொரிந்துவிடும்.

கூழாங்கல்:
ஒன்று விடாமல் வெள்ளை. டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டுக்குமே குழல் தடிமனாக, மழுங்கலாக இருக்கிறது. இரண்டும் மாறி மாறி முட்டை ஒட்டியதை நேற்றே பார்த்ததாகத் தங்கை இப்போதுதான் சொல்கிறாள். இரண்டும் பெண். நன்றி.

செவுள்:
ஆண் என்று நம்பி இன்னொன்றை வாங்காதீர்கள். 6 குட்டிகளைச் சேர்த்து வளர்த்தால் தானாக ஜோடி சேரும். ஆனால் இந்த இரண்டோடு ஒரே தொட்டியில் விடக் கூடாது, துரத்தும். வேறு தொட்டி இருக்கிறதா? எத்தனை லிட்டர்?

நன்னீர்:
பி.எச். அளவையும் சொல்லுங்கள். ஆண் வந்த பிறகு அதுதான் அடுத்த கேள்வி.