புதுப்பிப்பு: எலி மூளையின் டோபமைன், செரோடோனின் வரைபடத்தில் ஒரு திருத்தம்

டோபமைன் உற்பத்திக்குத் தேவையான டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளால் பழுப்பு நிறம் ஏறிய எலி மூளைச் செல்கள் அனைத்தையும் டோபமைன் செல்களாகக் கணக்கிட்டதாக இந்த இழையின் முதல் பதிவில் எழுதியிருந்தேன். அது தவறு. நார்அட்ரினலின் செல்களிலும் அதே நொதி இருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி.

அடுத்தடுத்த சீவல்களில் டோபமைனை நார்அட்ரினலினாக மாற்றும் நொதியான டோபமைன் பீட்டா ஹைட்ராக்சிலேஸுக்கும் சாயமேற்றிப் பார்த்தபோது, நான்காம் மூளையறையின் ஓரத்தில் நெருக்கமாகக் குவிந்திருந்த ஏ6 தொகுதியின் நார்அட்ரினலின் செல்கள், அதாவது லோகஸ் செருலியஸ் என்ற பகுதி, கரும்பழுப்பாகத் தெரிந்தன. நடுமூளையின் ஏ8, ஏ9, ஏ10 தொகுதிகளின் செல்களோ சாயம் ஏறாமல் வெளிறியே நின்றன. டோபமைன் என்று சொல்லத் தக்கவை பின்னவையே.

இந்தக் குழப்பம் செல் தொகுதிகளுக்கு ‘ஏ’, ‘பி’ என்று எண்ணுடன் பெயரிட்ட முறையிலேயே இருக்கிறது. 1964இல் ஆய்வாளர்கள் டால்ஸ்ட்ரோமும் ஃபுக்ஸேயும் ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்த எலி மூளைச் சீவல்களைப் புறஊதா ஒளியில் ஆராய்ந்தபோது, டோபமைன், நார்அட்ரினலின் இரண்டுமே பச்சையாக ஒளிர்ந்ததால் இரண்டுக்கும் ‘ஏ’ வரிசையே கிடைத்தது. மஞ்சளாக ஒளிர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும் செரோடோனினுக்கு ‘பி’ வரிசை.

செரோடோனின் பகுதியில் மாற்றமில்லை. முதுகுப்புற ராஃபே என்ற பகுதியில் உள்ள பி7 தொகுதி முன்பு குறித்த இடத்திலேயே, நடுமூளையில் மூளைத் திரவம் செல்லும் குறுகிய கால்வாய்க்குக் கீழே இருக்கிறது. ஆனால் அதே பகுதியில் சில டோபமைன் செல்களும் கலந்திருப்பதால், அங்கே டோபமைன், செரோடோனின் செல்களுக்கான இரு சாயங்களையும் ஒரே சீவலில் ஏற்றிய பிறகே எண்ணிக்கையைத் தருவேன்.