கொழும்பு மாநாட்டில் தமிழில் கட்டுரை வாசிக்கக் கேட்கலாமா?

கொட்டாஞ்சேனை நூலகி:
எல்லோருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். கொழும்பு 7இல் நடக்கப்போகும் நூலகர் மாநாடு ஒன்றுக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். என்னிடம் சொல்ல விஷயம் இருக்கிறது.

எங்கள் கணினிப் பட்டியலில் தமிழ்ப் புத்தகங்களை ஆங்கில எழுத்தில்தான் ஏற்றியிருந்தார்கள். ஒரே எழுத்தாளரின் பெயர் மூன்று நான்கு விதமாக இருக்கும். பிள்ளைகள் தேடினால் ஒன்று வரும், மற்றது வராது. புத்தகமோ தட்டில் சும்மா கிடக்கும். நூலகப் பட்டியலுக்கான கோஹா மென்பொருள் தமிழ் எழுத்தை அப்படியே ஏற்கும் என்பதால், டூயி வகைப்பாட்டு எண் 894.811இல், அதாவது தமிழ் இலக்கியத் தட்டில் தொடங்கி ஒவ்வொரு பதிவாகத் தமிழுக்கு மாற்றினேன். இப்போது ஆறாம் தரப் பிள்ளைகள் தாங்களே தட்டச்சு செய்து தேடி எடுக்கிறார்கள்.

ஆனால் ஆய்வுச் சுருக்கம் ஆங்கிலத்தில் மட்டும் வேண்டுமாம். கடமை லீவும் நூலகருக்குத்தான், உதவியாளருக்கு இல்லை. பதிவுக் கட்டணம் என் கைக்காசு. அதையெல்லாம் எப்படியாவது சமாளிப்பேன். செய்த வேலையைச் செய்த மொழியிலேயே சொல்ல வேண்டும், அதுதான் என் ஆசை. இப்படி யாராவது கேட்டிருக்கிறீர்களா?

ஓய்வுபெற்ற நூலகர்:
தங்கச்சி, கட்டாயம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்திலேயே வந்துவிட்டது. ஆனால் கடிதத்தைச் சட்டத்தில் தொடங்காதீர்கள். இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைத் தமிழில் படித்துத் தேறியவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் பேச ஒரு இடம் வேண்டும் என்று தொடங்குங்கள்.

இன்னொன்று. தமிழ்ச் சுருக்கத்தை வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. மதிப்பீட்டுக் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இல்லாவிட்டால் உங்கள் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். முதலில் அதைக் கேளுங்கள். பேச்சு தமிழில், திரையில் ஆங்கிலம் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வெள்ளவத்தை:
மொழிபெயர்ப்புக்குச் செலவு அதிகம் என்று சொல்வார்கள், பாருங்கள். நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்லாவின் உலக மாநாட்டில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பது பெரும்பாலும் தொண்டர்களாக வரும் நூலகர்கள்தான். இஃப்லாவுக்கு ஏழு அலுவல் மொழிகள். நமக்கு வேண்டியது மூன்றே மூன்று. துறைச் சொற்கள் தெரிந்த நம் ஆட்களே மாறி மாறி இருந்தால் நடக்கும் வேலைதான். அக்கா, உங்கள் கட்டுரை வந்தால் நான் முன்வரிசையில் இருப்பேன்.

சக்கர நாற்காலியில் ஒரு நூலகர்:
மொழியோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள், தயவுசெய்து. போன முறை நான் பேசிய மண்டபத்தில் மேடைக்குப் படி மட்டும்தான். கீழே இருந்து பேசினேன், பின்வரிசைக்கு என் முகமே தெரியவில்லை. பயிலரங்கு மேல்மாடியில் நடந்தது, லிப்ட் பழுது. அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996இல் வந்தது, கட்டடங்களில் அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஏற்பாட்டாளர்கள் மண்டபம் பிடிக்க முதல் ஒருதரம் போய்ப் பார்த்தால் போதும். பதிவுப் படிவத்தில் ‘உங்களுக்கு என்ன வசதி வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சைகைமொழி தேவைப்படுபவரும் அங்கேயே எழுதுவார்.

கொட்டாஞ்சேனை நூலகி:
சரி ஐயா, மதிப்பீட்டாளர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. முதல் பத்தியில் அதைத்தான் போடுகிறேன். மேடை, லிப்ட், படிவத்தில் அந்த ஒரு வரி, மூன்றும் கடிதத்தில் இருக்கும். உதவியாளர்களுக்கும் கடமை லீவு கிடைக்க, ஏற்பாட்டாளர்கள் அதிபருக்கு ஒரு அழைப்புக் கடிதம் தர வேண்டும் என்றும் கேட்கப் போகிறேன்.

தமிழ், சிங்களம் இரண்டும் சரளமாக வரும் நூலகர்கள் மொழிபெயர்க்க முன்வந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் சம்மதம் கிடைத்த பிறகுதான் பெயரைக் கடிதத்தில் சேர்ப்பேன்.