சரியான கடவுச்சொல்லைக் கணினி சிலவேளை மறுப்பதற்கு என்ன பெயர்?

ஹட்டனிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். பாடசாலைக் கணினிக்கூடங்களுக்கும் தோட்ட அலுவலகங்களுக்குமாக எழுதிவரும் பழுதுபார்ப்புக் கையேட்டில் ஒரு பக்கம் மட்டும் தலைப்பில்லாமல் கிடக்கிறது. ஆள் சரி, பயனர் பெயர் சரி, கடவுச்சொல்லும் சரி. காலையில் மறுத்த கணினி பத்து மணிக்கு அதே சொல்லை ஏற்கிறது, மத்தியானம் மறுபடி மறுக்கிறது. திரையில் வருவது "கடவுச்சொல் தவறு" என்ற ஒரே வரி. முறைப்பாட்டுப் புத்தகத்திலும் அதையே எழுதிவிடுகிறார்கள். அதைப் படிப்பவர் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பழுது இருந்த இடத்திலேயே இருக்கும், புதுச்சொல்லையும் நாலாம் நாள் மறுக்கும்.

"இடைவிட்ட புகுபதிகைத் தோல்வி" என்று வைக்கலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, இந்தப் பக்கத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் தந்த சொல் மூன்று இடத்தில் இடறுகிறது.

"இடைவிடாத" என்பது எல்லார் வாயிலும் உண்டு. "இடைவிட்ட" அப்படியில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது என்போமே தவிர இடைவிட்டுப் பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அடுத்தது "தோல்வி". தோற்றது யார்? சொல்லைச் சரியாக அடித்தவர் தோற்கவில்லை. கையேட்டைப் படிக்கும் ஆசிரியை தன்மேல் பிழை என்றுதான் நினைப்பார். மூன்றாவது "புகுபதிகை". விக்கிப்பீடியாவில் நன்றாக ஊன்றிய சொல், நானும் எழுதுவேன். ஆனால் இங்கே புகவும் இல்லை, பதியவும் இல்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நம் ஊரில் "கடவை" இருக்கிறது. புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று பலகையிலேயே எழுதியிருக்கும். கடவுச்சொல்லும் கடவுச்சீட்டும் அதே வேரில் வந்தவை. கடக்க விடாமல் நிறுத்துவது "கடவு மறுப்பு". எந்தக் காரணத்தால் நிறுத்தினாலும் இது பொதுப்பெயராக இருக்கட்டும். உங்கள் பக்கத்துக்கு இதிலிருந்து ஒரு சிறப்புப்பெயர் வேண்டும். அதற்கு முன், இது ஒரே பழுதா, பல பழுதுகளுக்கு ஒரே முகமா? காரணங்களை விவரமாக எழுதுங்கள். காரணம் தெரியாமல் சொல் கட்டினால் அது அடுத்த வருடமே பொய்த்துவிடும்.

ஹட்டனிலிருந்து:

பல பழுதுகளுக்கு ஒரே முகம்தான், அக்கா. அடிக்கடி காண்பவற்றை எழுதுகிறேன்.

முதலில் விசைப்பலகை. நம் கணினிகளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். விண்டோஸ் விசையும் இடைவெளிப் பட்டையும் சேர்ந்து அமுங்கினால் மொழி மாறும். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிதான் தெரியும், மொழி தெரியாது. ஆங்கிலத்துக்குள்ளேயே அமெரிக்க அமைப்பு, பிரித்தானிய அமைப்பு என்று இரண்டு உண்டு. அமெரிக்க அமைப்பில் ஷிஃப்டுடன் 2 அடித்தால் மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் "அட்" குறி விழும். பிரித்தானிய அமைப்பில் அதே விசையில் இரட்டை மேற்கோள் குறி விழும். அந்தக் குறி உள்ள கடவுச்சொல் ஒரு கணினியில் ஏறும், பக்கத்துக் கணினியில் ஏறாது. சிறிய மடிக்கணினிகளில் "நம் லொக்" என்ற எண்பூட்டு விசை விழுந்திருந்தால் ஜே, கே, எல் மூன்றும் 1, 2, 3 ஆகிவிடும். ஈரம் புகுந்த விசை சில நேரம் இரண்டு எழுத்து போடும், சில நேரம் ஒன்றும் போடாது. நுவரெலியா, கந்தப்பளை குளிரில் மூடிய அறைகளில் இது சாதாரணம். சோதிக்கும் வழி சுலபம்: கடவுச்சொல்லில் உள்ள ஒவ்வொரு விசையையும் பயனர் பெயர்ப் பெட்டியில் இருபது தடவை அடித்து எழுத்துகளை எண்ணுங்கள். பத்தொன்பதோ இருபத்தொன்றோ வந்தால் விசைப்பலகையை மாற்றுங்கள். முழுச் சொல்லையும் அந்தப் பெட்டியில் வரிசையாக அடித்துக் காட்ட வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் படித்துவிடுவார்.

அடுத்தது, ஆட்கள் அதிகம் குழம்புவது. மைய வழங்கியில், அதாவது எல்லாருடைய கணக்கையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் தலைமைக் கணினியில், கணக்கு வைத்திருக்கும் விண்டோஸ் மடிக்கணினி, வலையே இல்லாதபோதும் ஆளை உள்ளே விட வேண்டுமே? அதற்காகக் கடைசியாக நுழைந்தவர்களின் சான்றை, அதாவது கடவுச்சொல்லைச் சரிபார்க்க உதவும் பதிவை, தன்னிடம் வைத்துக்கொள்ளும். இயல்பாகப் பத்துப் பேர் வரை. இப்போது ஒருவர் கொழும்புக் கிளையில் வேறொரு கணினியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு ஹட்டனுக்கு வந்து தன் மடிக்கணினியைத் திறக்கிறார் என்று வையுங்கள். மழையில் இணைப்பு இல்லை. கணினியிடம் இருப்பது பழைய சான்று. புதுச்சொல்லை மறுக்கும், பழையதை ஏற்கும். இணைப்பு வந்தபின் புதுச்சொல்லை ஏற்கும். ஆள் சொல்வது: "விட்டுவிட்டு மறுக்குது." திருத்தும் வழி: நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் வலை அடையாளம் இருக்கும், அதில் முதலில் இணைப்பைப் பிடித்துவிட்டுப் புதுச்சொல்லை அடிக்க வேண்டும். அங்கே பிடிக்க முடியாவிட்டால் பழைய சொல்லால் உள்ளே போய், அலுவலக வலையில் இணைந்து, விண்டோஸ் விசையும் எல்லும் அழுத்தித் திரையைப் பூட்டி, புதுச்சொல்லால் திறக்க வேண்டும். அத்தோடு மடிக்கணினியின் சான்றும் புதிதாகும்.

மூன்றாவது பூட்டு. ஆள் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார். பையிலுள்ள கைபேசியோ பழைய சொல்லை வைத்துக்கொண்டு அலுவலக மின்னஞ்சலைத் தட்டிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை நிறைந்ததும் கணக்கு பூட்டப்படும். சரியான சொல்லுக்கும் கதவு திறக்காது. காலம் முடிந்ததும் தானாகத் திறக்கும், கைபேசி மறுபடி தட்டும், மறுபடி பூட்டும். 2022இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவிய கணினியில் இயல்பு 10 தவறுக்கு 10 நிமிடம். லினக்ஸில் கணக்கைப் பூட்டும் ஃபெயில்லொக்கில் இயல்பு 3 தவறுக்கு 600 விநாடி.

நான்காவது கடிகாரம். மைய வழங்கி ஆளை அடையாளம் காணும் கெர்பரோஸ் முறையில் கணினிக்கும் வழங்கிக்கும் இடையே நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் சிஆர்2032 மின்கலம் செத்துப்போய், இடிக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றி வைத்தால், காலையில் கடிகாரம் எங்கேயோ நிற்கும். நேரச் சேவை திருத்தும்வரை மறுப்பு, திருத்தியபின் ஏற்பு. மீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மின்கலத்தை மாற்றிவிடுங்கள்.

இதிலேயே நம் நாட்டுக்கென்று ஒரு வகை இருக்கிறது. 1996 மே மாதம் இலங்கை நேரம் 6:30க்குப் போனது, அதே ஆண்டு ஒக்டோபரில் 6:00, 2006 ஏப்ரலில் மறுபடி 5:30. பழைய பிரதியிலிருந்து நிறுவிய கணினியில் நேரவலயம் 6:00 என்றே இருக்கும். சுவர்க்கடிகாரத்தைவிட அரை மணி முன்னே ஓடுகிறதே என்று ஒருவர் கையால் பின்னே தள்ளுவார். கண்ணுக்கு நேரம் சரி, உள்ளே உலக நேரம் 30 நிமிடம் பின்தங்கிவிட்டது. நேரச் சேவை திருத்தும், மறுநாள் இன்னொருவர் மறுபடி தள்ளுவார். மணியைத் தொடாமல் வலயத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து:

வணக்கம். இரண்டு யோசனை சொல்கிறேன். முன்பு மலேரியாவை முறைக்காய்ச்சல் என்றார்கள், முறை வைத்து வருவதால். அதுபோல "முறைமறுப்பு" எனலாமே?

இன்னொன்று நம் பேச்சிலிருந்து. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு ஆள் வந்து நின்றும் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பெயர் ஏறாவிட்டால் "பேர் விழல்ல" என்போம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். கணினி முன்னால் நடப்பதும் இதுதான்: ஆள் வந்துவிட்டார், பேர் விழவில்லை. மலையகத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பண்டாரவளையிலிருந்து:

"பேர் விழல்ல" என்பதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. விளக்கப் பகுதியின் முதல் வரியாக அதை வைத்தே ஆக வேண்டும். தோட்டத்துச் சொல் என்பதற்காக ஒதுக்கும் பழக்கம் நம் கையேடுகளில் ஒழிய வேண்டும். தலைச்சொல்லாக வைப்பதில் மட்டும் ஒரு சிக்கல்: அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். கணினி பாதி நுழைவு தருவதில்லை. முழுப்பேர் அல்லது பேரே இல்லை.

"முறைமறுப்பு" தம்பி சொன்ன மூன்றாவது காரணத்துக்கு, பூட்டுக்கு மட்டும் அச்சாகப் பொருந்தும். பத்து நிமிடம், பத்து நிமிடம் என்று முறை வைத்து வருவது அது ஒன்றுதான். ஈரமான விசைக்கு முறை கிடையாது. "பொய்மறுப்பு" என்றும் யோசித்தேன், விட்டுவிட்டேன். பூட்டப்பட்ட கணக்கை மறுப்பது பொய்யல்ல, விதிப்படி நடப்பது.

காரணம் ஐந்தாறு இருக்கும்போது சொல் காரணத்தைத் தொடவே கூடாது. ஆள் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். அவர் கண்டது என்ன? "சரியான சொல்லத்தான் அடிச்சேன், ஏத்துக்கல்ல." ஆகவே "சரிச்சொல் மறுப்பு". எதிர்ச்சோடி போட்டுப் பார்த்தேன், நிற்கிறது: "பிழைச்சொல் ஏற்பு". கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் பிகிரிப்ட் முறையின் பல ஆக்கங்கள் 72 பைட்டுக்கு அப்பால் இருப்பதைப் பார்ப்பதேயில்லை. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். "கொழுந்து" என்பதில் 8 குறியீடு, 24 பைட். மூன்று தடவை எழுதினால் 72 நிறைந்தது. நாலாவதாக எதைச் சேர்த்தாலும் கதவு திறக்கும். அது பிழைச்சொல் ஏற்பு.

தமிழில் கடவுச்சொல் வைப்பவருக்கு மட்டும் வரும் சரிச்சொல் மறுப்பும் உண்டு, அதைக் கையேட்டில் கட்டாயம் சேருங்கள். "கொ"வின் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னே கொம்பு, பின்னே கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு முன்னது 3 பைட், பின்னது 6. ஒரு விசைப்பலகை சேர்த்துப் போட்டு, இன்னொன்று பிரித்துப் போட்டால் கைபேசியில் ஏறும் சொல் கணினியில் ஏறாது. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8265 என்ற இணையத் தர ஆவணம் கடவுச்சொல்லை என்எஃப்சி வடிவில், அதாவது பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் வடிவில், சீராக்கச் சொல்கிறது. அப்படிச் சீராக்கும் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் "ஸ்ரீ"க்கு அதுவும் உதவாது. பழைய முறையில் ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று. 2005இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்தபின் அதில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம், சீராக்கினாலும் ஒன்றாகாது. ஸ்ரீ, ஒகரம், ஓகாரம், ஔகாரம் இல்லாத சொல்லாகத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஹட்டனிலிருந்து:

சரிச்சொல் மறுப்பு எனக்கும் பிடித்துவிட்டது, அக்கா. ஒரு கேள்விதான் மிச்சம். நிரந்தரமாக முடக்கிய கணக்கும் சரியான சொல்லை மறுக்கும். அதிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது?

பண்டாரவளையிலிருந்து:

தலைப்பில் "விட்டுவிட்டு வரும் சரிச்சொல் மறுப்பு" என்று முழுதாக எழுதுங்கள். பக்கத்துக்குள்ளே சரிச்சொல் மறுப்பு என்று சுருக்கினால் போதும். "விட்டுவிட்டு" என்பதைச் சொல்லோடு ஒட்டிவிட்டால் முறைப்பாடு எழுதுபவர் அதோடு நிறுத்திவிடுவார். எப்போது மறுத்தது, எப்போது ஏற்றது என்று எழுத மாட்டார். உங்கள் நான்கு காரணத்தையும் பிரித்துக் காட்டுவதே அந்த நேரங்கள்தான். நீங்கள் பதிவேட்டில் பார்க்கும் எண்களையும் தாருங்கள், முடித்துவிடலாம்.

ஹட்டனிலிருந்து:

பக்கத்தை இப்படி அமைத்திருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

விட்டுவிட்டு வரும் சரிச்சொல் மறுப்பு: ஆள் வந்தும் பேர் விழாத நிலை. சரியான கடவுச்சொல்லைக் கணினி சிலவேளை மறுத்து, சிலவேளை ஏற்பது. கடவு மறுப்பின் ஒரு வகை. கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டாம். மறுத்த நேரம், ஏற்ற நேரம், கணினியின் எண், அப்போது வலை இருந்ததா, மின்சாரம் போய் வந்ததா என்பதை எழுதவும். பிறகு விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4625 என்ற நிகழ்வைத் திறந்து அதன் நிலைக்குறியீடு, துணைநிலைக்குறியீடு இரண்டின் கடைசி எழுத்துகளையும் பார்க்கவும். 6ஏ என்று முடிந்தால் வந்து சேர்ந்த சொல்லே வேறு: விசைப்பலகை, மொழி, பழைய சான்று. 234 என்றால் பூட்டு. மைய வழங்கியில் 4740 நிகழ்வைத் திறந்தால் எந்தக் கருவி பூட்டவைத்தது என்று இருக்கும். 133 என்றால் கடிகாரம். மறுக்காமல் ஏற்ற நேரத்துக்குரிய 4624 நிகழ்வில் நுழைவு வகை 11 என்றிருந்தால், அப்போது ஆளை உள்ளே விட்டது மடிக்கணினி தன்னிடம் வைத்திருந்த பழைய சான்று.