ஹீட்டிங் பம்ப்பை மாற்றலாமா, இருப்பதே போதுமா?

ரெடிங்வாசி:

எங்கள் வீட்டில் ஹீட்டிங் பம்ப், அதாவது பாய்லரில் சூடான தண்ணீரை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குச் சுற்றவிடும் பம்ப், இருப்பது மாடியில், வெந்நீர் சிலிண்டர் வைத்திருக்கும் துணி அலமாரிக்குள். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா துண்டு எடுக்கப் போய், "பீரோவுக்குள்ள எதுக்குடா மோட்டார் ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே திரும்பி வந்தார். 1980களில் கட்டிய வீடு. பாய்லர் சமையலறையில், சிலிண்டரும் பம்ப்பும் மாடியில், பரணில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. இங்கிலாந்தில் அந்தக் காலத்து வீடுகள் பலவற்றிலும் இதே அமைப்புதான்.

2021 குளிர்காலத்தில் பின்னறை ரேடியேட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. மற்றவை கை வைக்க முடியாத சூடு. வந்து பார்த்த பிளம்பர் இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: பம்ப் பழசு, தள்ள வலுவில்லை, பெரிதாக ஒன்று போட்டால் சரியாகும், கரண்டும் மிச்சம். கூலியோடு 250 பவுண்டு.

நான் உடனே தலையாட்டாததற்குக் காரணம் அறிவு இல்லை, கஞ்சத்தனம். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழைய பம்ப்பில் மூன்று வேகம். நாங்கள் ஓட்டுவது இரண்டாவது, தகட்டில் 65 வாட் என்று இருந்தது. ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் 78 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்றால் சுமார் இருபது பவுண்டு. புதுப் பம்ப் சராசரியாக 20 வாட் இழுத்தால் ஆறு பவுண்டு. மிச்சம் பதினாலு பவுண்டுகூட வராது. போட்ட 250 திரும்ப வர 18 வருடம். அதற்குள் புதுப் பம்ப்பே பழசாகிவிடும்.

சரி, காசுக்காக மாற்ற வேண்டாம். ஆனால் பின்னறை குளிருக்கு என்ன செய்வது? இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வலு போதவில்லை என்றுதானே சொன்னார், நாமே கூட்டிவிடலாம் என்று வேகத்தை மூன்றுக்குத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் பரணில் யாரோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சத்தம். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், தொட்டிக்கு மேல் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும் குழாயிலிருந்து சுடுதண்ணீர் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கிறது. மேல் மரச்சட்டமெல்லாம் ஆவியில் நனைந்திருந்தது. அந்தக் குழாய் பாய்லர் அளவுக்கு மேல் கொதித்தால் தப்பிக்க விட்ட வழி. பம்ப் அளவுக்கு மீறித் தள்ளியதில் தண்ணீர் ரேடியேட்டர்களைச் சுற்றுவதோடு நிற்காமல் மேலே ஏறி வழிந்துவிட்டது. இப்படி வழிகிற தண்ணீர் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாரிக்கொண்டு திரும்ப உள்ளே போகும். ரேடியேட்டர் உள்ளிருந்து துருப்பிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. பதறிப்போய் இரண்டுக்கே திருப்பினேன்.

நாம் ஏமாறுகிற இடம் எது என்று அப்புறம்தான் யோசித்தேன். பம்ப் என்றால் நம் மனதில் வருவது மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை ஹெச்.பி. மோட்டார். அது தூக்குகிறது. ஹீட்டிங் பம்ப் எதையும் தூக்குவதில்லை. திருவிழா ராட்டினத்தில் ஒரு பெட்டி மேலே போகும்போது எதிர்ப் பெட்டி கீழே வந்து எடையைச் சமன் செய்துவிடுகிறது இல்லையா, குழாய்ச் சுற்றிலும் அப்படித்தான். மேலே போகும் தண்ணீருக்கு ஈடாகக் கீழே இறங்கும் தண்ணீர் இருக்கிறது. பம்ப் ஜெயிக்க வேண்டியது குழாய், வளைவு, வால்வு ஆகியவற்றின் உராய்வை மட்டும்தான். பம்ப் மேல் 5 மீட்டர், 6 மீட்டர் என்று போட்டிருப்பது வீட்டின் உயரத்துக்கான கணக்கு இல்லை.

ஒரு சனிக்கிழமை, பின்னறை தவிர மற்ற எல்லா ரேடியேட்டரையும் மூடிவிட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பின்னறை தகதகவென்று சூடாகிவிட்டது. அதாவது பம்ப்பில் குறை இல்லை. பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பவை பந்தியில் முதல் வரிசை மாதிரி எல்லாவற்றையும் வாரிக்கொண்டன, கடைசி இலைக்கு மிஞ்சவில்லை. ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும் மூடி போட்ட வால்வு ஒன்று இருக்கும். அருகில் இருப்பவற்றில் அதைக் கிட்டத்தட்ட மூடி, தூரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வைத்தேன். ஒரு ஸ்பேனர், அரை நாள், நாலு டீ. பின்னறை இன்றுவரை சூடு.

பிறகு ஏன் மாற்றினேன் என்றால், அது செத்துப்போனதால். 2023 அக்டோபரில் முதல் குளிருக்கு ஆன் செய்தபோது உறுமியது, சுற்றவில்லை. நடுவில் உள்ள பெரிய திருகைக் கழற்றி, உள்ளே தெரியும் தண்டின் பிளவில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருப்பினேன், ஓடியது. அடுத்த பிப்ரவரியில் உடம்பிலிருந்தே சொட்ட ஆரம்பித்தது. இனி கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை. புதுசு இப்போது ஓடும்போது திரையில் 14 வாட், 17 வாட் என்று காட்டுகிறது. கரண்ட் பில்லில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அறை சூடானதும் ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாகத் தானே மூடும்போது வந்த அந்த உஸ்ஸென்ற சத்தம் போய்விட்டது. அதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

மாற்றியவர்கள், மாற்றாமல் விட்டவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள்.

டோர்ட்முண்ட் அக்கா:

தம்பி, உங்கட கணக்கு பிழை இல்லை. ஆனால் அது இங்கிலாந்துக் கணக்கு. ஜெர்மனியில் இருக்கிற ஆட்கள் இதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் டைமர் வைத்துக் காலையும் மாலையும் ஓடவிடுகிறீர்கள். இங்கே எங்கள் வீட்டில் வெளிச்சுவரில் ஒரு சென்சர் இருக்கிறது. வெளியில் எவ்வளவு குளிரோ அதற்கேற்பத் தண்ணீரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும். பம்ப் மட்டும் ஒக்டோபரில் தொடங்கினால் மே வரை இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். கெல்லரில், அதுதான் நிலவறையில், இருந்த பழைய பம்ப் 80 வாட். 24 மணி நேரம், 230 நாள். நீங்களே பெருக்கிப் பாருங்கோ, 440 யூனிட். அப்ப யூனிட் 29 சென்ட், ஆக 128 யூரோ. ஃப்ரிட்ஜை விடக் கூட இழுத்தது அதுதான். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

2018இல் மாற்றினோம். வேலைக்கூலியோடு 350 யூரோ. 2016 ஓகஸ்டிலிருந்து 2020 முடியும்வரை பம்ப் மாற்றினால் செலவில் 30 சதவீதத்தை அரசாங்கம் திருப்பித் தந்தது, அதுவும் கிடைத்தது. புதுசு 15 வாட்தான். வருசம் நூறு யூரோ மிச்சம் என்றால் மூன்று வருசத்துக்குள்ளேயே போட்ட காசு வந்துவிட்டது. எங்கட மனுசன் முதலில், "ஓடுற பம்ப்பை ஏன் கழட்டுவான்" என்று சண்டை பிடித்தவர். இப்ப வீட்டுக்கு வருகிறவர்களைக் கெல்லருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்.

பம்ப் செய்கிற வீலோவின் தலைமையகம் எங்கட ஊர்தான். அந்தப் பெருமைக்காகச் சொல்லவில்லை, சத்தியமாகக் கணக்குத்தான்.

ஸ்கார்பரோக்காரன்:

டொராண்டோவில் எங்கள் வீட்டில் பம்ப்பும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. நிலவறையில் ஃபர்னஸ், அதிலிருந்து சூடான காற்று குழாய் வழியாக வரும். ஆனால் அந்தக் காற்றை ஊதும் மோட்டாருக்கும் இதே பேச்சு வந்தது. நாங்கள் காற்று சுத்தமாக இருக்கட்டும் என்று விசிறியை நாள் முழுக்க ஓடவிடுகிறவர்கள், அதனால் மாற்றியது பிரயோசனம். அக்கா சொன்ன மணிக்கணக்குத்தான் எல்லாம்.

லெஸ்டர் குழாய்க்காரன்:

இருபது வருடமாக இதுதான் தொழில், அதனால் கொஞ்சம் கோபத்தோடே எழுதுகிறேன். பம்ப் மாற்றுவது பெரிய வேலை இல்லை. மாற்றுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்காததுதான் தப்பு. ரேடியேட்டரிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். கறுப்புக் காபி மாதிரி இருந்தால் அது இரும்புத் துரு, காந்தத்துக்கு ஒட்டும். புதுப் பம்ப்புகளின் சுழலியில் இருப்பது நிரந்தரக் காந்தம். அந்தச் சேற்றில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? பழைய பம்ப்பாவது கொஞ்சம் தாங்கும். முதலில் குழாயைக் கழுவி, துருத்தடுப்பு மருந்து ஊற்றி, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் ஒரு காந்த ஃபில்டர் போட்டுவிட்டு அப்புறம் பம்ப்பைத் தொடுங்கள்.

ரேடியேட்டர் மேலே குளிர்ந்தால் காற்று. கீழே நடுவில் குளிர்ந்தால் சேறு. கடைசி ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தால் ரெடிங்காரர் சொன்ன பந்திக் கதை. இவை எதற்கும் பெரிய பம்ப் மருந்தில்லை.

கடையில் வாங்கும் முன் பழைய பம்ப்பின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இங்கிலாந்து வீடுகளில் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர், ஐரோப்பாவில் 180 பரவலாக இருக்கும். அம்புக்குறி தண்ணீர் போகும் பக்கம். மோட்டார்த் தண்டு படுக்கைவாட்டில்தான் இருக்க வேண்டும். உள்ளே ஓடும் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய், நிமிர்த்தி வைத்தால் பேரிங் தேய்ந்துவிடும். இருபக்க வால்வையும் சேர்த்து மாற்றுங்கள், பழசு பாதிதான் மூடும். சிலிண்டர் இல்லாமல் வெந்நீரையும் ஹீட்டிங்கையும் ஒரே பெட்டியில் தரும் காம்பி பாய்லர் வைத்திருப்பவர்களுக்குப் பம்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதை நீங்கள் திறக்க வேண்டாம், கேஸ் சேஃப் பதிவு (கேஸ் வேலை செய்ய இங்கிலாந்தில் வேண்டிய பதிவு) உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

கோடையில் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டிருந்தால் ரெடிங்காரருக்கு அக்டோபரில் ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டிருக்காது.

ரெடிங்வாசி:

வால்வு பற்றி ஒரு வருடம் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா! மாற்றிய அன்று மேல் வால்வு முழுசாக மூடவில்லை. வீட்டிலிருந்த அத்தனை துண்டும் அந்த அலமாரிக்குள்தான் இருந்தன, எல்லாம் அங்கேயே உபயோகமாகிவிட்டன. பரண் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் மீதி வேலை. டம்ளர் சோதனையும் நேற்று செய்தேன். வெளிர் டீ நிறம், காந்தத்தில் லேசாக ஒட்டியது. ஃபில்டர் வாங்கப் போகிறேன்.

அந்த மாதம் ஒருமுறை ஐந்து நிமிடத்தை அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டேன். அம்மா எப்படியும் கும்பகோணத்திலிருந்து போன் செய்து ஞாபகப்படுத்துவார்.