சாவனதுர்க்காவில் பல கட்டப் பாறையேற்றம்: நேரமும் கயிறும்

கேள்வி:
வணக்கம். பெங்களூரில் உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகிய நாங்கள் நால்வர், மாகடி அருகிலுள்ள சாவனதுர்க்காவில் கயிற்றைக் கோக்கப் பாறையில் போல்ட் அடித்த, கட்டம் கட்டமாக ஏற வேண்டிய நீண்ட வழி ஒன்றில் டிசம்பரில் ஏற விரும்புகிறோம். நிழலற்ற வெட்டவெளிப் பாறை என்பதால் எப்போது தொடங்க வேண்டும், 60 மீட்டர் கயிறு ஒன்று போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
விடியும்போதே பாறையடியில் இருங்கள். அங்கே கைப்பிடிகள் குறைவு. காலணி ரப்பரின் உராய்வை நம்பியே ஏற வேண்டும், கருங்கல் சூடேறினால் அந்தப் பிடிப்பு தளரும். எனக்குப் பெரிய கவலை போல்ட்டுகளுக்கு இடையிலுள்ள தூரம்தான். கடைசி போல்ட்டுக்கு 5 மீட்டர் மேலே கால் வழுக்கினால் 10 மீட்டருக்கும் அதிகமாகச் சரிவில் உரசிக்கொண்டே விழுவீர்கள். உள்ளரங்கச் சுவர் இதற்கு நம்மைத் தயார்செய்வதில்லை. ஆகவே முதலில் ராமநகரத்தின் குட்டையான வழிகளில் முன்னணியில், அதாவது போல்ட்டுகளில் கயிற்றைக் கோத்தபடி முதல் ஆளாக, ஏறிப் பழகுங்கள்.

மறுமொழி 2:
ஒரு கயிறு போதாது. கீழிருந்து உருவி எடுப்பதற்காக 60 மீட்டர் கயிற்றை மடித்துப் போட்டால் 30 மீட்டர்தான் இறங்க முடியும். கயிற்றை மாட்டப் பாறையில் பதித்த அடுத்த நங்கூரம் அதற்கும் கீழே இருந்தால் அந்தரத்தில் தொங்க நேரிடும். இரண்டு கயிறுகளை இணைத்து, இரு முனைகளிலும் முடிச்சிட்ட பிறகே இறங்குங்கள். தலைக்கவசம் கட்டாயம். மலைத்தேனீக் கூடு கண்ணில் பட்டால், எவ்வளவு ஆசையோடு வந்திருந்தாலும், அந்த வழியைக் கைவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டாவது கயிற்றுக்கு ஏற்பாடு செய்கிறோம். ராமநகரப் பயிற்சி முடிந்த பிறகே தேதியை முடிவுசெய்வோம்.